இரண்டு இடைவெளிகள்: ஒருவரின் முதல் மரப்பெட்டியும் அடுத்த பெட்டியும்

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் நாற்பதை நெருங்கும் வயதினர். நாள் முழுவதும் மேசைமுன் உட்கார்ந்து செய்யும் வேலை அவருடையது. சுவரில் ஓர் அலமாரித் தட்டு பொருத்தியதைத் தவிர மரவேலையில் முன்பழக்கம் இல்லை. நுண்ணிய வேலைப்பாடுள்ள சிறு பெட்டிகள் செய்ய வேண்டும் என்ற ஆசையில் இழைப்புளி, மூன்று உளிகள், சிறு பல் ரம்பம், மூலைமட்டம், ரம்பத்தைக் கோணம் பிசகாமல் ஓட்ட உதவும் 45 பாகை வெட்டுப்பெட்டி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு தானாகவே கற்கத் தொடங்கினார்.

முதல் பெட்டியின் வெளியளவு 240 மி.மீ. நீளம், 160 மி.மீ. அகலம், 90 மி.மீ. உயரம். நான்கு பக்கங்களும் 12 மி.மீ. தடிமனுள்ள தேக்கு. மூலைகளில் 45 பாகைச் சாய்வெட்டு மூட்டு. அடிப்பலகை ஒட்டுப்பலகை. மூடியின் மேல்பலகைக்கு மட்டும், வெளிர் நிறம் தேக்கோடு எடுப்பாக இருக்கும் என்று பீச் மரத்தைத் தேர்ந்தெடுத்தார். பக்கங்களின் உட்புறத்தில் காடி (பலகையின் விளிம்பு நுழையும் நீளப் பள்ளம்) எடுத்து, அடிப்பலகையையும் மேல்பலகையையும் காடியில் செருகி, நான்கு பக்கமும் பசையிட்டு ஒட்டினார். ஆறு முகங்களும் மூடிய கட்டியாக ஒட்டிய பிறகு, மேலிருந்து 25 மி.மீ. கீழே சுற்றிலும் ரம்பத்தால் அறுத்து மூடியைப் பிரித்தார். பெட்டியின் உடலும் மூடியும் ஒரே பலகையிலிருந்து வருவதால் மரத்தின் ரேகை இரண்டிலும் தொடர்ந்து ஓடும். நல்ல பெட்டிகள் பலவும் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கடைசியில் உள்ளும் புறமும் ஆளிவிதை எண்ணெய் பூசினார். இவ்வளவும் காற்று நன்றாக உலர்ந்திருந்த மாதங்களில் நடந்தது.

என்னிடம் வந்தபோது

ஈரக்காலத்தின் நடுவில் பெட்டியோடு வந்தார். மூலைகள் விரிந்திருந்தன. ஒட்டிய அன்றே ஒரு மூலை சரியாகச் சேரவில்லை என்றும், அந்த இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்ததாகவும், மழை தொடங்கிய பிறகு மற்ற மூலைகளும் பிளந்துகொண்டதாகவும் சொன்னார். அடைத்த இடத்தில் பசை எண்ணெயை உள்ளே விடாததால் அங்கே மட்டும் வெளிறிய கோடு தெரிந்தது.

தன் முடிவை அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். “எனக்குக் கை வரவில்லை” என்றார். கோணம் தவறாமல் வெட்டும் மின்ரம்பம் ஒன்று வாங்குவது, அல்லது இத்தோடு விட்டுவிடுவது என்ற இரண்டு வழிகள் அவர் மனத்தில் இருந்தன. மூன்றாவதாக, சாய்வெட்டு பலமற்ற மூட்டு என்று எங்கோ படித்திருந்ததால் புறா வால் வடிவப் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் புறாவால் மூட்டுக்கு மாறலாமா என்ற யோசனையும் இருந்தது.

தொடக்க நிலையில் உள்ளவர்கள் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையைக் குறை சொல்லிக்கொண்டால் எந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. ஆனால் பழுதடைந்த பெட்டி ஒன்று கையில் இருக்கும்போது அதைவிட நல்ல பாடநூல் வேறு கிடையாது. அதனால் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டியை அளக்கத் தொடங்கினோம்.

கவனித்தவை

முதலில் கண்ணில் பட்டது, இடைவெளிகள் ஒரே மாதிரியாக இல்லை என்பது. ஒட்டிய அன்றே திறந்திருந்த மூலையில், அடைப்பைச் சுரண்டி எடுத்த பிறகு, கீழிருந்து மேல்வரை அரை மி.மீ. அளவில் ஒரே சீரான இடைவெளி இருந்தது. அது உடலிலும் மூடியிலும் ஒரே நேர்கோட்டில் தொடர்ந்தது. மழைக்குப் பின் திறந்தவை அப்படி இல்லை. அவை மூடியின் மூலைகளில் மட்டும் இருந்தன. உடலின் மற்ற மூன்று மூலைகளும் நகம் நுழையாத அளவுக்கு இறுகியிருந்தன. உடலும் மூடியும் ஒரே பலகை, ஒரே வெட்டு, ஒரே பசை, ஒரே நாள். கைதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே பிளந்திருக்க வேண்டும்.

அடுத்து அளவுகள். உடலின் அகலம் எங்கே அளந்தாலும் 160 மி.மீ. மூடியின் அகலமோ மூலைகளில் 161, நடுவில் 162. நீளம் மட்டும் உடலிலும் மூடியிலும் 240 மி.மீ. என்று மாறாமல் இருந்தது. மேல்பலகையின் ரேகை பெட்டியின் நீளவாட்டில் ஓடியது. விடை இந்த நான்கு எண்களிலேயே இருக்கிறது. மரம் ஈரத்தை வாங்கினால் ரேகைக்குக் குறுக்கே விரியும். ரேகையின் போக்கில் விரிவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவுதான். மேல்பலகை அகலவாட்டில் விரிந்து, இரண்டு நீளப் பக்கங்களையும் வெளியே தள்ளியிருக்கிறது. நான்கு பக்கமும் ஒட்டப்பட்டிருந்ததால் அதற்கு நகர வேறு இடம் இல்லை.

மரத்திலுள்ள ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பலகையில் குத்திப் பார்த்தபோது 13 சதவீதம் காட்டியது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீத அளவில் இருந்தால் மரம் 8 சதவீதத்தை ஒட்டி நிலைபெறும். 70 சதவீதக் காற்றில் 13 சதவீதத்தை எட்டும். பெட்டி செய்த மாதங்களுக்கும் இப்போதைக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருந்திருக்கும் என்று கொண்டு கணக்கிட்டோம். பீச் அதிகமாக அசையும் மரம். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் அது ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். தேக்கு 5 முதல் 6 சதவீதம்தான். காடிக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து 145 மி.மீ. அகலமுள்ள பீச் பலகை, 8 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்கு ஈரம் ஏறும்போது சுமார் 3 மி.மீ. விரியும். தடையில்லாமல் இருந்தால் அந்த 3 மி.மீ. முழுவதும் வெளிப்பட்டிருக்கும். பசையும் பக்கங்களும் பிடித்து நிறுத்தியதால் 2 மி.மீ. வெளியே தெரிந்தது. ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைப் பெரிதாகத் தடுக்காது என்பதால் பூச்சு உதவிக்கு வரவில்லை.

அடிப்பலகையும் நான்கு பக்கமும் ஒட்டப்பட்டதுதான். ஆனால் அது ஒட்டுப்பலகை. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்து ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் அசைவை மற்றது கட்டிவிடுகிறது. உடல் கலையாமல் நின்றதற்கு அதுவே காரணம்.

மீதி இருந்தது அந்த முதல் மூலை. வெட்டும்போது விழுந்த துண்டுகளை அவர் எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு துண்டுகளின் சாய்முகங்களைச் சேர்த்து மூலைமட்டத்தில் வைத்தால் சரியாக 90 பாகை. கோணத்தில் குற்றமில்லை. கோணம் தவறியிருந்தால் இடைவெளி ஆப்பு வடிவில் உள்ளேயோ வெளியேயோ அகன்றிருக்கும். பெட்டிக்கு எட்டுச் சாய்வெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசி மூலையில் 4 பாகை சேர்ந்துவிடும். அந்த அடையாளம் இங்கே இல்லை. சீரான இடைவெளி நீளத்தின் குற்றம். அளந்து பார்த்ததில் எதிரெதிர் நீளப் பக்கங்களில் ஒன்று மற்றதைவிட 0.7 மி.மீ. கூடுதல். 45 பாகை முகத்தில் அது அரை மி.மீ. இடைவெளியாக வந்து நிற்கும்.

ஏன் கூடியது? ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக அளவுநாடாவால் அளந்து, பென்சிலால் கோடிட்டு, கோட்டைப் பார்த்து அறுத்திருக்கிறார். பென்சில் கோட்டுக்கே தடிமன் உண்டு.

துண்டுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சாய்முகத்தில் நார்கள் வெட்டுப்படாமல் நசுங்கியும் பிய்ந்தும் கிடந்தன. இழைப்புளியின் அலகு மழுங்கியிருந்தது. தேக்கில் சிலிக்கா என்ற மணல்போன்ற கடினப் பொருள் இருப்பதால் அது அலகை விரைவில் மழுக்கும். வாங்கிய நாளிலிருந்து அலகைத் தீட்டியதே இல்லை என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பழைய பெட்டியைப் பழுதுபார்க்காமல் அப்படியே வைத்திருப்பது. நாங்கள் கண்ட காரணம் சரி என்றால், உலர்காலம் திரும்பும்போது மூடியின் மூலைகள் தாமாகச் சேர வேண்டும். அடைத்துவிட்டால் அந்தச் சோதனை போய்விடும்.

மின்ரம்பம் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவருடைய வெட்டுப்பெட்டி கோணத்தைச் சரியாகவே தந்திருக்கிறது. பிழை அளப்பதில் இருக்கும்போது ரம்பத்தை மாற்றினால், அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்வார். அதற்குப் பதிலாக இரண்டு சிறு துணைக்கருவிகளைக் கழிவு மரத்தில் அவரே செய்துகொண்டார். ஒன்று, வெட்டுப்பெட்டியில் பொருத்தும் தடுப்புக்கட்டை. பலகையின் முனையை அதில் முட்டவைத்து அறுத்தால் எதிரெதிர் பக்கங்கள் அளக்காமலே ஒரே நீளமாக வரும். இரண்டாவது, பலகையை 45 பாகையில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும் தாங்குபலகை. அதன் ஓரமாக இழைப்புளியைப் படுக்கவைத்து ஓட்டினால் சாய்முகத்தை மெல்லிய சீவலாக எடுத்து எடுத்துச் சரிக்கட்டலாம். ரம்பத்தால் திருத்த முடியாத மயிரிழை வேறுபாட்டை இழைப்புளி திருத்தும்.

புறாவால் மூட்டுக்கு மாற வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். சாய்வெட்டில் மரத்தின் முனைமுகம் (நார்கள் குறுக்கே வெட்டுண்ட முகம்) பசையை உறிஞ்சிக்கொள்வதால் மூட்டு பலவீனமாகிறது என்பது உண்மைதான். அதற்குப் பரிகாரம் உண்டு: பசை காய்ந்த பிறகு மூலைக்குக் குறுக்கே பிளவறுத்து, மெல்லிய மரச்சில்லைச் செருகி ஒட்டுவது. சில்லின் ரேகை மூலையைக் கடந்து ஓடுவதால் இரண்டு பக்கங்களையும் அது தைத்துவிடும். அதைவிட முக்கியமாக, மூட்டு மாறினால் முதல் பெட்டியில் கற்றது சரியா என்று ஒப்பிட வழி இருக்காது. அதே அளவு, அதே மரங்கள், அதே மூட்டு. இது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அழகான மரத்தைப் பார்த்ததும் புதிய வடிவத்துக்குத் தாவும் ஆசை நியாயமானது. ஆனாலும் ஒரே பெட்டியை மறுபடி செய்வதுபோல் விரைவாகக் கற்பிக்கும் வழி வேறு ஒன்றை நான் கண்டதில்லை.

பீச்சை மாற்றலாமா என்ற கேள்வியும் எழுந்தது. குறைவாக அசையும் மரத்தைப் போட்டால் பிரச்சினை மறைந்துவிடும். கற்க வேண்டியதும் கூடவே மறையும். பீச்சையே வைத்துக்கொண்டு அது அசைய இடம் விடுவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது பெட்டி

வேலை அலகு தீட்டுவதில் தொடங்கியது. அலகின் பின்முகத்தை முனையோரம் கண்ணாடிபோல் சமமாக்கி, 25 பாகைச் சாய்வை 1000 எண் கல்லிலும் பிறகு 6000 எண் கல்லிலும் தீட்டி, நுனியில் மட்டும் 30 பாகையில் நுண்சாய்வு கொடுத்தார். சோதனைக்கு மென்மரத்தின் முனைமுகத்தைச் சீவிப் பார்த்தோம். அலகு மழுங்கியிருந்தால் அந்த முகம் வெள்ளைப் புள்ளிகளோடு மங்கித் தெரியும். கூர்மையாக இருந்தால் மெழுகிட்டதுபோல் மினுங்கும். மினுங்கிய பிறகே தேக்கில் அலகை வைத்தார்.

நான்கு பக்கங்களும் ஒரே நீண்ட பலகையிலிருந்து, நீளம் அகலம் நீளம் அகலம் என்ற வரிசையில் வெட்டப்பட்டன. இப்படி வெட்டினால் மூன்று மூலைகளில் ரேகை மடங்கித் தொடரும். நான்காவதில் பலகையின் தொடக்கமும் முடிவும் சந்திப்பதால் பொருந்தாது. அந்த மூலை பின்புறம் வருமாறு குறித்துவைத்தார். வெட்டுவதற்கு முன் பலகை முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று இரண்டு நேர்ச்சட்டங்களை இரு முனைகளிலும் வைத்துப் பார்த்ததில் சிறு முறுக்கு தெரிந்தது. அதை இழைத்து எடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. இந்த வேலை கண்ணுக்குத் தெரியாதது. செய்யாமல் விட்டால் தெரியும்.

எதிரெதிர் பக்கங்களை முதுகோடு முதுகு சேர்த்து, சாய்முனைகளில் விரலைக் குறுக்கே ஓட்டச் சொன்னேன். கண்ணுக்கும் அளவுகோலுக்கும் பிடிபடாத படியை விரல்நுனி சொல்லிவிடும். ஒன்று சற்றே தூக்கலாக இருந்தது. தாங்குபலகையில் வைத்து ஒரு சீவல், மறுபடி தடவல், இன்னொரு சீவல். படி மறைந்தது. இந்த முறை அளவுநாடா கருவிப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மேல்பலகை விஷயத்தில் பருவத்தை நினைவில் வைக்க வேண்டியிருந்தது. முதல் பெட்டி உலர்காலத்தில் செய்யப்பட்டது. பலகை விரிய இடம் தேவைப்பட்டது. இப்போது ஈரக்காலம். பலகை தன் முழு அகலத்தை ஏறத்தாழ எட்டிவிட்டது. இனி சுருங்கத்தான் போகிறது. ஆகவே காடியின் ஆழம் 5 மி.மீ.; பலகையின் விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 4.5 மி.மீ. உள்ளே போய், அரை மி.மீ. மட்டும் காலியிடம். பின்னால் 3 மி.மீ. சுருங்கினால் பக்கத்துக்கு 1.5 மி.மீ. வெளியே வரும், அப்போதும் 3 மி.மீ. காடிக்குள் இருக்கும். இதே அளவுகளை உலர்காலத்தில் செய்தால் பெட்டி மறுபடி பிளக்கும். காடியில் விட வேண்டிய இடத்தைச் சொல்லும் எந்த அட்டவணையும், பலகை இப்போது எந்த ஈரத்தில் இருக்கிறது என்று கேட்காமல் சொன்னால் பயனில்லை.

மேல்பலகைக்கான காடியில் சுற்றிலும் பசை பூசவில்லை. பலகை ஒரு பக்கமாக நகர்ந்துவிடாமல் இருக்க, குறுகிய பக்கங்களின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு. நடு அசையாமல் நிற்க, இரு ஓரங்களும் சமமாக விரிந்து சுருங்கும். ஒட்டுவதற்கு முன்பே பலகையின் இரு முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மெருகு ஏற்றிவிட்டார். இல்லாவிட்டால் சுருங்கும்போது காடியிலிருந்து பூசாத கோடு வெளியே தெரியும்.

ஒட்டும் நாளில் முதலில் பசையில்லாமல் ஒருமுறை முழுவதையும் கூட்டிப் பார்த்தார். பிறகு நான்கு பக்கங்களையும் வெளிமுகம் மேலே தெரிய, முனையோடு முனை தொட வரிசையாகக் கிடத்தி, சேரும் இடங்களில் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டித் திருப்பிப்போட்டார். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. சீவிய முகம் வெகுநேரம் கிடந்தால் பசை பிடிக்காது. அதனால் கடைசிச் சீவல் அன்றே. முனைமுகங்களில் நீர் கலந்து தளர்த்திய வெண்பசையை ஒரு கை பூசி, அதை மரம் உறிஞ்சிக்கொண்ட பின் கெட்டிப் பசையைப் பூசினார். அடிப்பலகையையும் மேல்பலகையையும் காடியில் வைத்து நாடாக்கள் கீல்போல் மடங்க உருட்டியபோது நான்காவது மூலை தானாக வந்து சேர்ந்தது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தோம், சமம்.

மரச்சில்லுகளும் மூடியை அறுத்துப் பிரிப்பதும் சிக்கலில்லாமல் முடிந்தன. ரம்பம் தின்னும் 2 மி.மீ. முன்பே உயரத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

கீல்கள் அவ்வளவு எளிதாக அமையவில்லை. பித்தளைத் திருகாணி மென்மையானது. நேராக இறக்கினால் கடின மரத்தில் தலை முறியும். முன்துளையிட்டு, அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் இறக்கிப் புரிவெட்டி, அதை எடுத்துவிட்டு மெழுகு தடவிய பித்தளையை இறக்கச் சொல்லியிருந்தேன். திருகாணிகள் முறியவில்லை. ஆனால் கீலுக்கான பள்ளங்களில் ஒன்று ஆழமாகிவிட்டது. மூடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தப் பள்ளத்தில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை அடியில் வைத்து உயர்த்தியும், முன்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு படி எஞ்சிவிட்டது.

பூச்சில் ஒரே மாற்றம். பெட்டியின் உட்புறத்துக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி, எரிசாராயத்தில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சுகளாகப் பூச வைத்தேன். மூடிய இடத்தில் ஆளிவிதை எண்ணெயின் வாடை வெகுகாலம் தங்கும். முதல் பெட்டியைத் திறந்தாலே அது தெரிந்தது. வெளிப்புறத்துக்கு எண்ணெய் பூசிய துணிகளை அவர் சுருட்டி மூலையில் போட்டிருந்தார். உடனே விரித்துக் காயப்போட வைத்தேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளியிடும். சுருட்டிக் குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். இதை அறியாமல் மரவேலையைத் தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.

உலர்காலம் வந்த பிறகு

அடுத்த உலர்காலத்தில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஈரமானி 8 சதவீதம் காட்டியது. பழைய பெட்டியின் மூடி நடுவில் 162-இலிருந்து 160.5 மி.மீ.க்கு இறங்கியிருந்தது. மழையில் பிளந்த மூலைகள் பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. ஒட்டிய அன்றே இருந்த அரை மி.மீ. இடைவெளி மட்டும் துளியும் மாறவில்லை. காற்று மாறினால் மாறுவது மரத்தின் அசைவால் வந்தது, மாறாமல் நிற்பது நீள வேறுபாட்டால் வந்தது என்பதை அவர் தானே சொன்னார்.

புதிய பெட்டியின் நான்கு மூலைகளும் மூடியிலும் உடலிலும் இறுகியே இருந்தன. மேல்பலகையின் ஓரத்தில், ஈரக்காலத்தில் காடிக்குள் மறைந்திருந்த ஒரு மெல்லிய பட்டை வெளியே வந்திருந்தது. முன்பே மெருகேற்றியதால் மற்ற இடத்திலிருந்து வேறுபாடு தெரியவில்லை. கீல் பள்ளத்தால் வந்த சிறு படி அப்படியே இருக்கிறது. மின்ரம்பத்தைப் பற்றி அவர் பிறகு கேட்கவில்லை.

அடுத்து வருபவருக்குச் செய்யப்போகும் மாற்றங்கள்

இனி தொடக்கநிலையில் வருபவரிடம் ஈரமானியை முதல் நாளே கொடுப்பேன். மரத்தை வாங்கியதும் எடை பார்ப்பதைப்போல ஈரத்தைப் பார்த்து, வேலை செய்யும் இடத்திலேயே சில வாரங்கள் அடுக்கிவைத்து, அளவு நிலைபெற்ற பிறகே வெட்ட வேண்டும்.

மேல்பலகைக்கு ஆரவாட்டில், அதாவது பலகையின் அகலம் மரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி அமையுமாறு, அறுத்த பலகையைத் தேடச் சொல்வேன். பீச் அந்தத் திசையில் 6 சதவீதத்துக்கும் குறைவாகவே சுருங்கும். காடிக்குள் விட வேண்டிய இடமும் ஏறக்குறைய பாதியாகும்.

கீல் பள்ளத்தைப் பெட்டியில் வெட்டுவதற்கு முன், அதே தேக்கின் கழிவுத் துண்டுகள் இரண்டில் பொருத்தித் திறந்து மூட வைப்பேன். பெட்டியில் கடைசியாக வரும் வேலை இது. அதுவரை செய்த எல்லாம் பணயத்தில் இருக்கும் நேரத்தில் முதன்முறையாக உளியை வைப்பது சரியல்ல. பள்ளத்தின் எல்லையைப் பென்சிலால் வரையாமல் கத்திமுனையால் கீற வேண்டும். ஆழத்தைக் கீலையே வைத்துக் குறித்து, கடைசி மயிரிழையை உளியால் தள்ளாமல் சுரண்டி எடுக்க வேண்டும்.